சைலன்சரும் ஏர் ஃபில்டரும் மாற்றினால் ஜெட் மாற்ற வேண்டுமா: கிளாசிக் 350-இல் செய்து பார்த்தது

என்னிடம் இருப்பது 2013-ஆம் ஆண்டு ராயல் என்ஃபீல்டு கிளாசிக் 350, 346 சி.சி. ஒற்றை சிலிண்டர், இரட்டை பிளக், காற்றையும் பெட்ரோலையும் கலந்து எஞ்சினுக்கு அனுப்பும் மிக்குனி பி.எஸ். 29 வகைக் கார்புரேட்டர். வண்டி 41,000 கி.மீ. ஓடியிருந்தபோது அதன் ஏர் ஃபில்டரையும் சைலன்சரையும் மாற்றிப் பார்க்க நினைத்து, திண்டுக்கல்லில் வண்டி வேலை தெரிந்த சிலரிடம் ஒரே கேள்வியைக் கேட்டேன்: இவற்றை மாற்றினால் கார்புரேட்டரையும் தொட வேண்டுமா? சைலன்சர் மாறினாலே மெயின் ஜெட்டும் (கார்புரேட்டரில் பெட்ரோலை அளந்து விடும், துளையுள்ள சிறு திருகு) மாற வேண்டும் என்றார் ஒருவர். ஃபில்டர் மட்டுமென்றால் ஒன்றும் வேண்டாம் என்றார் இன்னொருவர். கலவையைத் திருத்தும் மிக்ஸ்சர் ஸ்க்ரூவை ஒரு சுற்றுத் திருப்பினால் போதும், மற்றதெல்லாம் வீண் செலவு என்றார் மூன்றாமவர். எவரும் காரணம் சொல்லவில்லை. ஆகவே ஒவ்வொரு மாற்றத்தையும் தனித்தனியாகச் செய்து, ஒன்றின் விளைவை எழுதி வைத்த பிறகே அடுத்ததைத் தொடுவது என்று முடிவு செய்தேன். ஏறத்தாழ நான்கு மாதம் நடந்த அந்த வேலையின் குறிப்பு இது.

எதையும் மாற்றுவதற்கு முன் வண்டியைச் சரியான நிலைக்குக் கொண்டுவந்தாக வேண்டும் என்பதில் நான் பிடிவாதமாக இருந்தேன். அடைத்துப் போன பழைய ஃபில்டரைக் கழற்றிவிட்டுப் புதிய ஃபில்டரைப் போட்டு, வண்டி நன்றாக இழுக்கிறது என்று பூரிப்பவர்கள் பலர். அங்கே வேலை செய்தது புதிய ஃபில்டரின் சிறப்பு அன்று, பழையதன் அழுக்கு நீங்கியதே. எனவே முதலில் கம்பெனி காகித ஃபில்டரையே புதிதாக வாங்கிப் போட்டேன். கார்புரேட்டரைக் கழற்றி, பெட்ரோல் நிற்கும் ஃப்ளோட் கிண்ணத்தின் அடியில் தேங்கியிருந்த பழுப்பு நிற வண்டலைத் துடைத்து, எஞ்சின் மெல்ல ஓடும்போது பெட்ரோல் விடும் பைலட் ஜெட்டின் நுண்துளை வழியாக வெளிச்சம் தெரிகிறதா என்று பார்த்தேன். கார்புரேட்டருக்கும் எஞ்சினுக்கும் இடையிலுள்ள ரப்பரில் வெடிப்பு இல்லை. இரண்டு பிளக்குகளையும் புதிதாகப் போட்டேன். இந்த எஞ்சினில் வால்வு இடைவெளியை ஹைட்ராலிக் டேப்பெட் தானே சரிசெய்துகொள்வதால் அங்கே வேலை இல்லை.

பிறகு அடிப்படை அளவுகளை எடுத்தேன். டேங்கை முழுக்க நிரப்பி, ஓட்டி, மீண்டும் முழுக்க நிரப்பிக் கணக்கிட்டதில் லிட்டருக்கு 36 கி.மீ. கிடைத்தது. மதுரை செல்லும் நால்வழிச் சாலையில், கொடைரோட்டுக்கு முன்னால் வரும் சமதளப் பகுதியில், நான்காம் கியரில் 40-இலிருந்து 80-ஐத் தொட எடுத்த நேரம், இரு திசைகளிலும் மும்மூன்று முறை ஓட்டிய சராசரியில், 11.8 நொடி. ஆக்சிலரேட்டர் கைப்பிடியில் வெள்ளை டேப் ஒட்டிக் கால், அரை, முக்கால் என்று கோடு போட்டுக்கொண்டேன். பிளக் வெளுத்திருந்தால் கலவையில் பெட்ரோல் குறைவு, கறுத்திருந்தால் அதிகம். அதைப் பார்ப்பதற்கும் ஒரு முறை வைத்திருந்தேன்: குறிப்பிட்ட திறப்பிலேயே இரண்டு கி.மீ. ஓட்டி, கிளட்சைப் பிடித்த அதே கணத்தில் எஞ்சினை நிறுத்தி, சாலையோரம் உருட்டிச் சென்று நின்று, சூடு சற்றுத் தணிந்ததும் கழற்றிப் பார்ப்பது. சிக்னலில் நின்று நின்று வீட்டுக்கு வந்த பிறகு கழற்றும் பிளக் ஐட்லிங்கில் (வண்டி நிற்க எஞ்சின் மட்டும் ஓடும் நிலையில்) இருந்த கலவையைத்தான் சொல்லும், நாம் கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லாது.

முதல் மாற்றம், கழுவிப் பயன்படுத்தத்தக்க பருத்தி இழை ஃபில்டர். கம்பெனிப் பெட்டியிலேயே, காகித ஃபில்டர் இருந்த இடத்திலேயே உட்காரும் வகை. பெட்டியின் மூடியும் காற்று நுழையும் வாயும் மாறவில்லை. 600 கி.மீ. ஓட்டினேன். நான்காம் கியர் நேரம் 11.7 நொடி, அது என் கைப்பிடித் திருப்பலிலேயே வரக்கூடிய வேறுபாடு. மைலேஜ் அதே 36. பிளக்கின் நிறமும் மாறவில்லை. பெட்டிக்குள் காற்று நுழையும் வாய் எவ்வளவு குறுகலோ அவ்வளவே காற்று வரும், உள்ளே இருக்கும் ஃபில்டர் எவ்வளவு தாராளமாக விட்டாலும் கணக்கு பெரிதாக மாறாது. இந்த வகை மாற்றத்துக்கு டியூனிங் தேவையில்லை என்று தயக்கமின்றிச் சொல்வேன். ஆனால் கழுவிய பிறகு இடும் எண்ணெயை அளவோடு இட வேண்டும். அதிகமானால் அது கார்புரேட்டருக்குள் போய் ஒட்டும், குறைந்தால் நம் ஊர்ப் புழுதி நேரே சிலிண்டருக்குள் போகும். ஃபில்டரின் ரப்பர் ஓரம் பெட்டியோடு இடைவெளியின்றிப் பொருந்துகிறதா என்பதை விரலால் தடவிப் பார்த்தே மூடினேன்.

இரண்டாவது மாற்றம் சைலன்சர். எஞ்சினிலிருந்து புகையைக் கொண்டுவரும் பெண்ட் பைப்பை அப்படியே வைத்துக்கொண்டு, பின்னால் உள்ள சைலன்சரை மட்டும் கழற்றிவிட்டு, உள்ளே தடுப்புக்குழாய் உள்ள, ஆனால் கம்பெனி சைலன்சரைவிடத் திறப்பான ஒன்றை வெளியே ஒரு பட்டறையில் வாங்கிப் பொருத்தினேன். வீடு திரும்பும் வழியிலேயே, ஆக்சிலரேட்டரை விட்டு வேகம் குறையும்போதெல்லாம் சைலன்சருக்குள் டப் டப் என்று வெடித்தது. பெட்ரோல் போதவில்லை, கலவை வறண்டுவிட்டது என்று நானும் நம்பிவிட்டேன். அன்று மாலையே பெரிய பைலட் ஜெட் ஒன்றை வாங்கி வந்து, கார்புரேட்டரைக் கழற்ற ஸ்பேனரையும் எடுத்துவிட்டேன். பேகம்பூரில் நான் வழக்கமாகப் போகும் மூத்த மெக்கானிக்குக்கு ஒரு வார்த்தை சொல்லிவிடலாம் என்று போனில் அழைத்தேன். "தம்பி, சத்தம் கூடிப்போச்சுங்கிறதுக்காக பெட்ரோல் கூட்டணும்னு இல்ல. மொதல்ல ஜாயிண்ட்ல கைய வச்சுப் பாருங்க" என்றார். சூடேறாத எஞ்சினை ஸ்டார்ட் செய்து, பெண்ட் பைப்பும் சைலன்சரும் சேரும் இடத்தருகே உள்ளங்கையைக் காட்டினேன். புஸ் புஸ் என்று காற்று அடித்தது. பொருத்திக் கொடுத்தவர்கள் கிளாம்பைச் சரியாக இறுக்கவில்லை, உள்ளே கசிவைத் தடுக்கும் கேஸ்கெட்டும் போடவில்லை.

புகை வெளியேறும் அதே ஓட்டை வழியாகத்தான், ஆக்சிலரேட்டரை விட்டவுடன், வெளிக்காற்று உள்ளே போகிறது. முழுமையாக எரியாமல் சைலன்சருக்கு வந்த பெட்ரோல் ஆவி அந்தக் காற்றோடு சேர்ந்து அங்கேயே பற்றி வெடிக்கிறது. கேஸ்கெட் போட்டு இறுக்கியதும் வெடிப்பில் பெரும்பகுதி நின்றது. மிச்சமிருந்த சிறு வெடிப்புக்குக் கம்பெனியே வைத்த ஒரு அமைப்பும் காரணம்: புகை நச்சைக் குறைப்பதற்காகச் சிலிண்டரின் புகை வழியில் கொஞ்சம் புதுக்காற்றை விடும் வால்வு இந்த வண்டியில் உண்டு. பலர் அதை அடைத்துவிடுவார்கள். நான் அடைக்கவில்லை. எரியாமல் மிஞ்சுவதை எரித்து முடிக்கத்தான் அது இருக்கிறது. நம் காதுக்கு இதமாக இருக்க வேண்டும் என்பதற்காக, பின்னால் வருபவர் மூச்சுக்குள் போகும் நஞ்சைக் கூட்டுவது சரியென்று எனக்குத் தோன்றவில்லை.

ஓட்டை அடைபட்ட பிறகுதான் உண்மையான சோதனையைத் தொடங்கினேன். நான்காம் கியர் நேரம் 11.5 நொடி. பிளக் அரைத் திறப்பில் முன்பிருந்த நிறத்திலேயே இருந்தது. முழுத் திறப்பில் ஒரு சாயல் வெளுத்திருந்தது, அவ்வளவுதான். ஐட்லிங்கில் மட்டும் எஞ்சின் சற்றுத் தயங்கியது. குளிர்ந்த காலையில், பெட்ரோலைக் கூட்டிக் கொடுக்கும் சோக்கை வழக்கத்தைவிட அரை நிமிடம் கூடுதலாக வைத்திருக்க வேண்டியிருந்தது. எஞ்சின் நன்றாகச் சூடேறிய பிறகு, கார்புரேட்டரின் எஞ்சின் பக்கமுள்ள மிக்ஸ்சர் ஸ்க்ரூவைக் கால் சுற்றாக வெளியே திருப்பிக்கொண்டே வந்தேன். அரைச் சுற்றில் ஐட்லிங் வேகம் உயர்ந்து சீரானது, அதற்கு மேல் திருப்பியதில் பயனில்லை. உயர்ந்த வேகத்தை ஐட்லிங் ஸ்க்ரூவால் நிமிடத்துக்குச் சுமார் 1000 சுற்றுக்குக் குறைத்தேன். வாங்கி வைத்த பைலட் ஜெட் டப்பாவுக்குள்ளேயே இருந்துவிட்டது.

சைலன்சர் இவ்வளவு சத்தத்தை மாற்றியபோதும் கலவையை ஏன் இவ்வளவு குறைவாக மாற்றியது என்பதுதான் இந்த வேலையில் நான் மிகவும் யோசித்த இடம். கார்புரேட்டர் பெட்ரோலை அளப்பது அழுத்த வேறுபாட்டால். ஃப்ளோட் கிண்ணத்தில் வெளிக்காற்றின் அழுத்தம் இருக்கிறது. குறுகிய தொண்டையில் காற்று விரைவதால் அங்கே அழுத்தம் தாழ்கிறது. அந்த வேறுபாடு ஜெட் வழியாகப் பெட்ரோலை மேலே தள்ளுகிறது. சைலன்சர் திறப்பாக இருந்தால் எஞ்சின் கூடுதலாகக் காற்றை இழுக்கும். காற்று கூடுதலாக ஓடினால் தொண்டையில் அழுத்தம் இன்னும் தாழும், அதற்கேற்பப் பெட்ரோலும் கூடுதலாக ஏறும். அதாவது காற்றும் பெட்ரோலும் ஒன்றையொன்று தொடர்ந்தே கூடுகின்றன, விகிதம் பெரிதாகக் கலைவதில்லை. காற்றோட்டம் மிகக் குறைவாகவும், வால்வுகள் இரண்டும் ஒருசேரத் திறந்திருக்கும் நொடித்துளியின் விளைவு மிகுதியாகவும் இருக்கும் ஐட்லிங் நிலையில்தான் சிறு திருத்தம் தேவைப்பட்டது.

ஃபில்டர் பக்கம் கதை வேறு. ஃபில்டரும் அதன் பெட்டியும் காற்றைத் தடுப்பதால் கார்புரேட்டரின் வாயிலேயே அழுத்தம் கொஞ்சம் தாழ்ந்திருக்கிறது. கிண்ணத்தின் சுவாசக் குழாய் வெளிக்காற்றில் திறந்திருக்கும்போது, இந்தத் தடுப்பும் பெட்ரோலை மேலே தள்ளுவதில் ஒரு பங்கு வகிக்கிறது. கம்பெனி ஜெட்டின் அளவு இந்தப் பங்கையும் சேர்த்தே தீர்மானிக்கப்பட்டது. தடுப்பை நீக்கினால் காற்று கூடுகிறது, அதே சமயம் பெட்ரோலைத் தள்ளும் விசை குறைகிறது. இரண்டும் எதிரெதிராக நகர்வதால் கலவை வேகமாக வறள்கிறது. சத்தமிடும் சைலன்சரைப் பார்த்து எல்லோரும் அஞ்சுகிறோம். சத்தமே இல்லாத ஏர் பெட்டிதான் ஜெட்டைக் கேட்கிறது.

இதைச் சரிபார்க்க மூன்றாவது மாற்றத்தைச் செய்தேன். ஏர் பெட்டியின் மூடியைக் கழற்றிவிட்டு, பருத்தி ஃபில்டர் நேரே வெளிக்காற்றை இழுக்கும்படி விட்டேன். இதை நிரந்தரமாக வைக்கும் எண்ணம் தொடக்கத்திலிருந்தே எனக்கு இல்லை. மழைநீர் நேரே உள்ளே போகும். காய்ந்த வானிலையில் 150 கி.மீ. மட்டும் ஓட்டினேன். செம்பட்டி வரையிலான சாலையில், கால் திறப்பில் 60 கி.மீ. வேகத்தைப் பிடித்துக்கொண்டு போனபோது வண்டி சீராகப் போகாமல், யாரோ பின்னால் பிடித்து இழுத்து விடுவதைப் போல் முன்னும் பின்னும் தள்ளாடியது. ஓட்டிக்கொண்டே சோக்கை மெல்லக் கொஞ்சம் இழுத்தேன், உடனே தள்ளாட்டம் நின்றது. கலவை வறண்டிருக்கிறது என்பதற்கு இதைவிட எளிய, செலவில்லாத சான்று வேறில்லை. சோக் இழுத்ததும் வண்டி இன்னும் மோசமாக ஓடினால் வறட்சி அன்று, பெட்ரோல் மிகுதி என்று பொருள். முக்கால் திறப்பில் எடுத்த பிளக்குகளின் பீங்கான் சுண்ணாம்பு பூசியதைப் போல் வெளுத்திருந்தது. நான்காம் கியர் நேரம் 12.3 நொடி, அதாவது ஒன்றும் மாற்றாத வண்டியைவிட மெதுவு.

இப்போதுதான் ஜெட் வேலை தொடங்கியது. மிக்குனி மெயின் ஜெட்டுகளில் இந்த அளவுகளின் எண் 2.5 என்ற இடைவெளியில் ஏறுகிறது. ஒரு படி ஏற்றினேன், தள்ளாட்டம் அப்படியே இருந்தது, பிளக்கின் வெளுப்பு மட்டும் குறைந்தது. இரண்டாம் படியில் முழுத் திறப்பு சரியானது. ஆனால் கால் திறப்பில் மெயின் ஜெட்டுக்கு அதிக வேலை இல்லை, அங்கே அளப்பது பெட்ரோல் வழிக்குள் ஏறி இறங்கும் ஊசி. இந்தக் கார்புரேட்டரின் ஊசியில் உயரத்தை மாற்றும் பள்ளங்கள் இல்லாததால், ஊசியின் தலைக்கு அடியில் அரை மில்லிமீட்டர் தடிமனுள்ள சிறு வாசர் ஒன்றை வைத்து உயர்த்தினேன். ஊசி உயர்ந்தால் அதைச் சுற்றிய இடைவெளி பெருகிப் பெட்ரோல் கூடும். இந்த வேலையில் ரப்பர் டயாஃப்ரமை வெளியே எடுத்து மீண்டும் அதன் பள்ளத்தில் மடிப்பின்றி உட்கார வைக்க வேண்டும். மேல் மூடியை வைத்து அழுத்தும்போது ஓரம் நழுவினால் காற்றுக் கசிந்து வண்டி அரைத் திறப்புக்கு மேல் இழுக்கவே இழுக்காது. நான் மூன்று முறை வைத்து எடுத்தேன். கிண்ணத்தின் ஸ்க்ரூக்களும் மென்மையானவை. தலைக்குச் சரியாகப் பொருந்தும் ஸ்க்ரூ டிரைவரை நன்றாக அழுத்திப் பிடித்தே திருப்ப வேண்டும்.

இந்த வகைக் கார்புரேட்டரில் ஆக்சிலரேட்டர் கம்பி, ஊசியைத் தாங்கிய உள்ளேயுள்ள சிறு பிஸ்டனை நேரடியாகத் தூக்குவதில்லை, காற்றின் அழுத்த வேறுபாடே தூக்குகிறது. ஆகவே கைப்பிடியில் நான் ஒட்டிய டேப் கோடுகள் ஊசியின் உண்மையான உயரத்தை அப்படியே காட்டாது. பிஸ்டன் தானே ஏறி இறங்குவதால் சிறு மாற்றங்களைக் கார்புரேட்டர் ஓரளவு பொறுத்துக்கொள்கிறது. அதே காரணத்தால், ஏர் பெட்டியையே எடுத்தெறிந்துவிட்டுக் கார்புரேட்டர் வாயில் நேரே குமிழ் ஃபில்டரை மாட்டினால் பிஸ்டனின் ஏற்றம் கலைந்து, எந்த ஜெட் போட்டாலும் ஏதோ ஒரு திறப்பில் குறை மிஞ்சும்.

இரண்டு படி ஜெட்டும் ஒரு வாசரும் போட்ட பிறகு நான்காம் கியர் நேரம் 11.3 நொடிக்கு வந்தது. மைலேஜ் 32-க்கு இறங்கியது. அரை நொடிக்காக லிட்டருக்கு நான்கு கி.மீ. கொடுத்திருக்கிறேன்.

அந்த அமைப்பிலேயே கொடைக்கானலுக்கும் ஒரு முறை போய் வந்தேன். திண்டுக்கல்லிலிருந்து வத்தலக்குண்டு வழியாகச் சுமார் 95 கி.மீ.; ஊர் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 2,100 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. காட்ரோடு தாண்டி மலையேறத் தொடங்கியபோது வண்டி துடிப்பாக இருந்தது. டம் டம் பாறைக்கு மேல் இழுப்பு சோர்ந்தது. பெருமாள்மலையில் டீக்கடை வாசலில் நிறுத்தியபோது ஐட்லிங் கனத்து, பெட்ரோல் வாடை அடித்தது. அந்த உயரத்தில் காற்றின் அடர்த்தி சமவெளியைவிட ஏறத்தாழ 15 முதல் 20 விழுக்காடு குறைவு. கார்புரேட்டருக்கு அது தெரியாது. பெட்ரோல் காற்றளவுக்குக் குறையாமல், ஏறத்தாழ அதில் பாதியளவே குறைவதால் கலவை மிகுதியாகிவிடுகிறது. சமவெளியில் சரியாகப் பொருத்திய ஜெட் மலையில் கரி பிடித்த பிளக்கைக் கொடுத்தது. மலையிலேயே வாழ்பவருக்கும் சமவெளியில் ஓட்டுபவருக்கும் ஒரே ஜெட் எண்ணைப் பரிந்துரைப்பது சரியாக வராது என்பதை அந்தக் கறுத்த பிளக் காட்டியது.

பெட்ரோலும் மாறியிருக்கிறது என்பதை மறக்கக் கூடாது. எத்தனால் கலக்காத பெட்ரோல் முழுமையாக எரிய 14.7 பங்கு காற்று வேண்டும். 20 விழுக்காடு எத்தனால் கலந்த இன்றைய பெட்ரோலுக்கு ஏறத்தாழ 13.5 பங்கு போதும். கார்புரேட்டர் பழைய அளவிலேயே கொடுப்பதால், வண்டியில் எதையுமே மாற்றாதவருக்கும் கலவை முன்பைவிட வறண்டே இருக்கிறது. முன்பு பொறுத்துக்கொண்ட சிறு மாற்றத்தை இன்று வண்டி பொறுக்காமல் போவதற்கு இதுவும் ஒரு காரணம். பிளக்கின் நிறமும் இந்தப் பெட்ரோலில் வெளிறியே தெரிகிறது. ஈயம் கலந்த பெட்ரோல் காலத்தவர் சொல்லும் காப்பிப் பொடி நிறத்தைத் தேடிப் போனால் கலவையை மிகுதியாக்கிவிடுவோம். நான் உருப்பெருக்கியை வைத்துப் பீங்கானின் அடியில் உள்ள வளையத்தைத்தான் பார்க்கிறேன்.

பி.எஸ். 6 என்ற புகை மாசு விதி வந்த 2020-க்குப் பிந்தைய வண்டிகளில் கார்புரேட்டர் இல்லை, பெட்ரோலைத் தெளிக்கும் இன்ஜெக்டர் இருக்கிறது. என் மைத்துனரிடம் அப்படி ஒரு கிளாசிக் உண்டு. அவரும் சைலன்சரை மாற்றலாமா என்று கேட்டதால் அதையும் சொல்லிவிடுகிறேன். சீரான வேகத்தில் செல்லும்போது புகை வழியிலுள்ள ஆக்சிஜன் சென்சார் பார்த்து, கலவையைக் கணினி தானே திருத்திக்கொள்ளும். முழுத் திறப்பில் அந்தத் திருத்தம் நடப்பதில்லை, கம்பெனி எழுதி வைத்த அட்டவணைப்படியே பெட்ரோல் தெளிக்கப்படும். உள்வழியின் அழுத்தத்தை அளந்து பெட்ரோலை முடிவு செய்யும் அமைப்பில் ஃபில்டர் மாற்றம் அந்த அழுத்தத்திலேயே ஓரளவு தெரிந்துவிடுகிறது. புகை எளிதாக வெளியேறுவது அந்த அழுத்த சென்சாருக்குத் தெரியாது. ஆகவே என் வண்டியில் ஃபில்டர் பெட்டியைக் குறித்துக் கவனமாக இருந்ததைப் போல, அவர் சைலன்சரைக் குறித்துக் கவனமாக இருக்க வேண்டும். சைலன்சரை மாற்றும்போது ஆக்சிஜன் சென்சாரின் இணைப்பைக் கழற்றிவிடும் வழக்கம் சில பட்டறைகளில் உண்டு. அதை மட்டும் அனுமதிக்க வேண்டாம் என்று அவரிடம் கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறேன்.

சட்டத்தையும் பார்த்துவிட்டே முடிவெடுத்தேன். மத்திய மோட்டார் வாகன விதி 120 சைலன்சரைப் பற்றியது. ஒலி, புகை வரம்பை மீறும் வண்டிக்கு மோட்டார் வாகனச் சட்டம் பிரிவு 190(2)-இன் கீழ் 10,000 ரூபாய் வரை அபராதம் விதிக்கலாம். நான் வாங்கிய சைலன்சரில் புகையைச் சுத்தப்படுத்தும் வினையூக்கி இல்லை என்பதும், எங்கள் தெருவில் காலை ஐந்தரைக்கு வண்டியை எடுக்கும்போது எதிர்வீட்டுக் குழந்தை விழித்து அழுததும் எனக்குப் போதுமானவையாக இருந்தன. கம்பெனி சைலன்சரைப் புதுக் கேஸ்கெட்டோடு திரும்பப் பொருத்தினேன்.

வாசரையும் பெரிய மெயின் ஜெட்டையும் எடுத்துவிட்டு, பழைய ஜெட்டைப் போட்டு, ஏர் பெட்டியின் மூடியை மாட்டினேன். பருத்தி ஃபில்டர் அப்படியே இருக்கிறது, 5,000 கி.மீ.க்கு ஒரு முறை கழுவுகிறேன். மிக்ஸ்சர் ஸ்க்ரூவைப் பழைய இடத்துக்கே கொண்டுபோகப் பார்த்தேன். இன்றைய பெட்ரோலில் அது கால் சுற்று வெளியே இருக்கும்போதுதான் ஐட்லிங் சீராக இருந்தது, அங்கேயே விட்டுவிட்டேன். கடைசியாக எடுத்த அளவு: நான்காம் கியரில் 11.7 நொடி, லிட்டருக்கு 36 கி.மீ. பிரிக்காத பைலட் ஜெட்டைப் பேகம்பூர் மெக்கானிக் அண்ணனிடமே கொடுத்துவிட்டேன்; அவரிடம் வரும் யாருக்காவது அது உண்மையிலேயே தேவைப்படலாம்.